காலி ரோடு

2020 ஏப்ரலில் எங்கள் எலும்பு முறிவு வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. வந்தவர்களும் முருங்கை மரத்திலிருந்து விழுந்தவர், மொட்டைமாடியில் வழுக்கிய பையன், அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு "கொரோனாவால ஒரு நல்லது, ஆக்சிடென்ட் குறைஞ்சுது" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

குறைந்தது உண்மை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கில் 2019-ல் நாடு முழுக்க 4,49,002 விபத்து, 2020-ல் 3,66,138. விபத்து 18 விழுக்காடு குறைந்தது, சாவு 13 விழுக்காடுகூட முழுசாகக் குறையவில்லை. 100 விபத்துக்கு 34 பேர் செத்தது 2020-ல் 36 ஆகி, 2021-ல் 37-க்கு வந்து நின்றது. (அமெரிக்காவில் இன்னும் மோசம், வண்டி ஓட்டம் குறைந்த அந்த வருடத்தில் சாவு எண்ணிக்கையே கூடியது.)

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நம் ஊரில் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தது போலீசும் இல்லை, பலகையும் இல்லை, நெரிசல்தான். முன்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ, நடுவில் ஒரு மாடு, எப்படி முறுக்கினாலும் 30-ஐத் தாண்டாது. அது விலகியதும் 80. வேகம் இரண்டு மடங்கானால் மோதும்போது இறங்கும் ஆற்றல் நான்கு மடங்கு, அதைத் தொடை எலும்புதான் வாங்கிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு, காறை எலும்பு, கணுக்கால் என்று வந்துகொண்டிருந்த எங்களிடம் அப்புறம் தொடையும் இடுப்பும் வர ஆரம்பித்தன. எதிரே வண்டியே இருக்காது, தானாகப் போய் மீடியனில் மோதியிருப்பார்கள்.

டாஸ்மாக் கதை தனி. மே 7 திறந்தார்கள், மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. விபத்துக் கேஸ்களைப் பதியும் எங்கள் ஏ.ஆர். நோட்டைப் புரட்டினாலே தேதி சொல்லிவிடலாம். இந்த லட்சணத்தில், தொற்றுப் பயத்தில் கருவியில் ஊதச் சொல்வதையும் பல ஊர்களில் நிறுத்தியிருந்தார்கள். மாஸ்க்குக்கு அபராதம், பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்.

பஸ்ஸையும் சேர்த்துப் பாருங்கள். மாநிலம் முழுக்க மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட செப்டம்பர் 7 ஆனது. அதுவரை வேலைக்குப் போக வேண்டியவன் என்ன செய்வான், செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்குவான், இல்லையென்றால் சித்தப்பாவிடம் கேட்டு வாங்குவான். 2019-ல் சாலையில் செத்தவர்களில் இருசக்கர வண்டிக்காரர்கள் 37 விழுக்காடு, 2021-ல் ஏறக்குறைய 45. ஊரடங்கு முடிந்தும் அந்த பைக் வீட்டிலேயேதான் இருக்கிறது, அதில் போனவன் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன், 23 வயது. கம்பெனி மூடியதால் அப்பாவின் எக்ஸெல்லில் சாப்பாடு டெலிவரிக்குப் போனான். காலையில் திறந்திருந்த தெருவில் ராத்திரி சவுக்குக் கட்டையும் தகரமும் கட்டி அடைத்திருந்தார்கள், கொரோனா வந்த தெரு. விளக்கும் இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. இவனுக்கு லேட்டானால் காசு போய்விடும் என்ற அவசரம். தொடை எலும்பு இரண்டாக. மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்டின் ரிசல்ட் வரும்வரை மூன்று நாள் காலில் எடை தொங்கவிட்டுக் கிடந்தான், அப்புறம்தான் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் ராடு வைத்தார்கள். வாரம் மூன்று நாள் என்னிடம் வரச் சொன்னேன். எதில் வருவான்? போனில் சொல்லிக்கொடுத்தேன், வலிக்குது சார் என்று பாதியில் விட்டுவிட்டான். நான்கு மாதம் கழித்து வந்தவனின் முட்டியை அளந்தால் 35 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. தரையில் உட்கார முடியாது, பஸ் படி ஏற முடியாது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இவன் வெறும் "காயம்" என்ற கட்டத்தில் ஒரு எண்தான்.

2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' வந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமானது, நல்ல திட்டம், மறுக்கவே மாட்டேன். ஆனால் 49-ஆவது மணி நேரத்திலிருந்து முட்டியை யார் மடக்கிவிடுவது?

2022-ல் நாட்டில் 1,68,491 சாவு, கொரோனாவுக்கு முந்தைய கணக்கையும் தாண்டிவிட்டது. பைபாஸ் சந்திப்பில் பகலில் நெரிசல் திரும்பிவிட்டது, ராத்திரி பத்துக்கு மேல் இன்னும் அதே 80-தான். அந்தப் பையன் இப்போது ஒரு மொபைல் கடையில் இருக்கிறான். போன வாரம் டெம்பர்டு கிளாஸ் ஒட்டப் போனேன். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலை மட்டும் நீட்டி கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தான்.