எது பெரிய செட்டு?

(திருநெல்வேலிப் பக்கம் ஒரு மைக் செட் கடை. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சவுண்டு பேச வந்திருக்கிறார் கமிட்டிப் பொருளாளர். கடைக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்.)

பொருளாளர்: தம்பி, உங்களிடம் இருப்பதிலேயே பெரிய செட்டு எது?

கடைக்காரர்: எத்தனை பேர் உட்காருவார்கள் அண்ணாச்சி?

பொருளாளர்: உட்காருகிறவர்களை விடுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குக் கேட்க வேண்டும்.

கடைக்காரர்: நிகழ்ச்சி என்ன?

பொருளாளர்: வில்லுப்பாட்டு. அப்புறம் நன்கொடையாளர் பெயர் வாசிப்பு.

கடைக்காரர்: வில்லுக்கு ஆறு மைக் வேண்டும். பாடுகிறவருக்கு, பின்பாட்டுக்கு, வில்லுக்கு, குடத்துக்கு, உடுக்கைக்கு, ஜால்ராவுக்கு. பாடுகிறவர் எஸ்.எம். 58 மைக்தான் கேட்பார். 1966-ல் வந்த மாடல்.

பொருளாளர்: அந்த வருஷத்து மைக்கா? துடைத்தாவது கொடுப்பீர்களா?

கடைக்காரர்: மாடல்தான் பழசு, மைக் புதுசு.

பொருளாளர்: சரி. முன்பெல்லாம் பனைமரத்தில் நாலு குழாய் கட்டினால் நாலு ஊருக்குக் கேட்கும்.

கடைக்காரர்: கூம்புக் குழாய்க்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. கட்டினால் போலீஸ்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அது எட்டத்துக்குக் கத்தும், உண்மைதான். ஆனால் குடத்தின் 'தொம்' அதில் வராது. குடக்காரர் வியர்க்க வியர்க்க அடிப்பார், ஊருக்கு ஜால்ரா மட்டும்தான் கேட்கும்.

பொருளாளர்: எங்கள் கமிட்டிக் கூட்டத்திலும் அதுதான் கேட்கிறது. சரி, ஸ்பீக்கர் பெட்டியே வையுங்கள். அந்த ஊர்க்காரன் 5000 வாட் வைத்தான். நமக்கு 10,000.

கடைக்காரர்: வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தத்தின் அளவு 3 டெசிபல்தான் கூடும் அண்ணாச்சி. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

பொருளாளர்: 50,000-மா! ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது?

கடைக்காரர்: அவர் சொன்ன 5000-மும் அட்டையில் அச்சடித்ததாக இருக்கும். ஒரு நொடி தாங்குவது வேறு, ராத்திரி முழுக்கத் தாங்குவது வேறு. தொடர்ந்து தாங்குகிற வாட், அதாவது ஆர்.எம்.எஸ்., எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

பொருளாளர்: புரிகிறது. நன்கொடையிலும் நோட்டீஸில் போடுவது ஒன்று, கையில் வருவது ஒன்று.

கடைக்காரர்: தெரு எவ்வளவு நீளம்?

பொருளாளர்: ஒரு 70 மீட்டர்.

கடைக்காரர்: தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். எல்லாப் பெட்டியையும் மேடையிலேயே அடுக்கினால் முன்வரிசைப் பாட்டிகளுக்குக் காது போகும், கடைசி வரிசைக்கு ஒன்றும் விளங்காது. மேடைக்கு ஒரு ஜோடி, பாதித் தெருவில் ஒரு ஜோடி. பாதியில் இருப்பதற்கு மட்டும் டிலே போட்டு, சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக விட வேண்டும்.

பொருளாளர்: எதற்கு?

கடைக்காரர்: காற்றில் சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஒயரில் உடனே போய்விடும். டிலே போடாவிட்டால் பின்னால் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டி முதலில் சொல்லும், மேடைப் பெட்டி பத்தில் ஒரு நொடி கழித்து அதையே சொல்லும்.

பொருளாளர்: அப்படியென்றால் டிலே வேண்டாம்! 'ஐந்நூறு... ஐந்நூறு' என்று கேட்டால் கொடுத்தவனுக்கு ஆயிரம் கொடுத்த பெருமை. (யோசித்து) இல்லை, வேண்டும். கமிட்டித் தலைவர் ஆயிரம்தான் கொடுத்திருக்கிறார். சண்டைக்கு வந்துவிடுவார்.

கடைக்காரர்: தலைவர் பேசுவாரா?

பொருளாளர்: பேசாமல்? மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, நேரே பெட்டிக்கு முன்னால் போய் நிற்பார்.

கடைக்காரர்: ஊளை அதனால்தான் வருகிறது. பெட்டி கத்துவதை மைக் வாங்கும், மைக் கொடுத்ததைப் பெட்டி மறுபடி கத்தும். அவரைப் பெட்டிக்குப் பின்னால் நிற்க வையுங்கள்.

பொருளாளர்: தலைவரைப் பின்னால் தள்ளச் சொல்கிறீர்கள். வேறு வழி?

கடைக்காரர்: கம்மிதான். இன்னொன்று, ராத்திரி 10 மணிக்கு மேல் மைக் போடக் கூடாது. காலை 6 வரை சட்டப்படி தடை.

பொருளாளர்: வாசிப்பை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். பத்துக்குள் முடிந்துவிடும்.

கடைக்காரர்: மூணு மணி நேரம் பெயர் வாசிப்பா! வில்லுப்பாட்டு?

பொருளாளர்: அது பத்துக்கு மேல். மைக் இல்லாமல் பாடட்டும். அந்தக் காலத்தில் பாடவில்லையா?

கடைக்காரர்: (ஒயரைக் கீழே போட்டு) அண்ணாச்சி, பெயர் வாசிக்க ஒரு மைக் போதுமே!

பொருளாளர்: பார்த்தீர்களா, மிச்சம் ஐந்து மைக்குக்கு வாடகையைக் கழித்துச் சொல்லுங்கள்.