ஒஹாயோ வாக்காளர்கள் காட்டியது
அமெரிக்காவில் அதிகாரம் மொத்தமும் அதிபர் கைக்குப் போய்விட்டது, இனி வாக்காளர் செய்ய ஒன்றுமில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வாஷிங்டனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒஹாயோ மாநிலத்தைப் பாருங்கள். மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் போதும் என்றிருந்ததை 60 சதவீதமாக உயர்த்த, சட்டமன்றம் 2023 ஆகஸ்டில் வாக்கெடுப்பு வைத்தது. கோடையில் யார் வரப்போகிறார்கள் என்ற கணக்குதான். ஆனால் மாநிலத் தலைநகர் கொலம்பஸில் நான் முன்கூட்டியே வாக்களிக்கப் போன அன்று வரிசை கட்டடத்தைச் சுற்றி கார் நிறுத்துமிடம் வரை நின்றது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்புறம் நவம்பரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் நிறைவேறியதும் கிட்டத்தட்ட அதே 57 சதவீதத்தில்தான். ஆகஸ்டில் வேண்டாம் என்றவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் 60 சதவீத விதி வந்திருக்கும், இந்தத் திருத்தமும் தோற்றிருக்கும்.