ரசனை வேற, தரம் வேற

இசையில நல்லது கெட்டதுன்னு எதுவுமே இல்ல, எல்லாம் அவங்கவங்க ரசனைதான்னு கட்டுரையில முடிச்சிருக்கீங்க, பாதிதான் சரின்னு தோணுது. தம்புரா ஓடிட்டிருக்கும்போது பாடுறவர் பஞ்சமத்துல, அதாவது 'ப' ஸ்வரத்துல, வந்து நிக்காம சுருதி கீழ எறங்கிடுச்சுன்னா அது ரசனை இல்லீங்க, காது பழகின யாருக்கும் கேக்கும், மிஷின் வச்சும் அளக்கலாம். ஆதி தாளம் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை, அதுல பாட்டு தொடங்குற இடமான எடுப்பு தவறிச்சுன்னா மிருதங்கக்காரர் முகத்துலயே தெரிஞ்சிடும். கல்யாணி ராகத்த தாளமில்லாம விரிச்சுப் பாடுற ஆலாபனைல, சுத்த மத்யமம்ங்கற கீழ் 'ம' விழுந்தா சங்கராபரணம்ங்கற வேற ராகத்துப் பக்கம் போயிடும், இதுல வாதாட என்ன இருக்கு?

ஆனா இந்த அளவுகோல் எல்லாம் அந்தந்த இசைக்குள்ளதான் செல்லும். ஆர்மோனியத்தையே எடுத்துக்குங்க, ஸ்வரம் கட்டை கட்டையா நிக்குது, ஸ்வரத்த அசைச்சு வளைக்குற கமகம் வராதுன்னு ஆல் இந்தியா ரேடியோ 1940ல தடை பண்ணாங்க, 1971லதான் கொஞ்சம் தளர்த்துனாங்க. கமகம் சரியா வராதுங்கறது உண்மைதான், அதுக்காக மட்டமான வாத்தியம்னு ஆயிடுமா, நம்ம நாடக மேடைலயும் கவ்வாலிங்கற சூஃபி பக்திப் பாட்டுலயும் அத எடுத்துட்டா பாட்டே நிக்காதே!

'எனக்குப் பிடிக்கல'ங்கறதையும் 'நல்லா பாடல'ங்கறதையும் தயவுசெஞ்சு ஒண்ணா போட்டுக் குழப்பாதீங்க. கச்சேரில மிருதங்கக்காரர் தனியா வாசிக்குற நீளமான தனி ஆவர்த்தனம்னா எனக்குப் பொறுமை போயிடும், ஆனா கணக்கு பிசகாம கோர்வை, அதாவது முடிவுல வர்ற தாளக் கோப்பு, டக்குனு எடுப்புல வந்து விழறப்ப அவர் வித்வான்னு ஒத்துக்கத்தான் வேணும். பாட்டுப் போட்டில மார்க் போடுறவங்க வெறும் நம்பர் மட்டும் குடுக்காம சுருதி எங்க போச்சு, தாளம் எங்க போச்சு, எது தன்னோட சொந்த விருப்பம்னு பிரிச்சு சொன்னா பிள்ளைங்களுக்கு எவ்வளவோ உதவும்.