யானைத்தீ

சாப்பாடு அரைமணி நேரம் தள்ளிப்போனாலே "கொலைப்பசி" என்கிறோம். நானும் சொல்வதுதான். ஆனால் பசிக்கென்று தமிழில் இருக்கும் சொற்களில் என்னை விடாமல் பிடித்திருப்பது, இன்று யாரும் பேச்சில் எடுக்காத யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிநோய்க்கு அதுதான் பெயர். வைத்திய நூல்களில் பஸ்மகம் என்பார்கள். வயிற்றில் நெருப்பு, அதுவும் யானையளவு!

மணிமேகலையில் இந்த நோய் வருவது காயசண்டிகைக்கு. கணவன் காஞ்சனனோடு பொதிகை மலைக்கு வந்த வித்தியாதரப் பெண், வானில் பறக்கும் தேவ இனத்தவள். விருச்சிக முனிவன் தேக்கிலையில் ஒரு நாவற்கனியை வைத்துவிட்டு நீராடப் போயிருக்கிறான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் கனி, அவனுக்கு அத்தனை ஆண்டுக்கும் அது ஒன்றுதான் உணவு. அதை இவள் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். வானத்தில் பறக்கும் மந்திரத்தை இழந்து, அடுத்த கனியை நான் உண்ணும் நாள்வரை யானைத்தீயால் துன்பப்படு என்று சபிக்கிறான்.

செருக்குக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாபத்தின் அளவைப் பாருங்கள். முனிவன் பட்டினி கிடக்கப்போகும் அதே பன்னிரண்டு ஆண்டு! தன் பசியைத்தான் அவள் வயிற்றுக்கு மாற்றிவிடுகிறான். அவனுக்குத் தாங்கத் தவம் இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது? காஞ்சனன் கொண்டுவந்த காயும் கனியும் கிழங்கும் போதவில்லை. கடைசியில், ஆதரவற்றவர்க்குச் சோறிடுவோர் இருக்கும் ஊர் என்று புகாருக்குத் தனியே வந்து சேர்கிறாள். தேவலோகத்துப் பெண்ணானாலும் பசி வந்தால் ஊர் அம்பலத்தில்தான் நிற்கவேண்டும் என்று காப்பியத்தை எழுதிய சாத்தனார் காட்டிவிடுகிறார்.

குடிப்பிறப்பை அழிக்கும், கல்வி என்னும் தெப்பத்தைக் கைவிடச் செய்யும் என்று பசியைப் "பாவி" என்று திட்டுவதும் இதே காப்பியம்தான். வள்ளுவரும் நாட்டில் இருக்கக்கூடாதவற்றை அடுக்கும்போது உறுபசியைத்தான் முதலில் வைக்கிறார். நோயும் பகையும் அப்புறம்தான்.

சரி, காயசண்டிகை என்ன ஆனாள்? மணிமேகலை கையிலிருந்த, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தின் சோற்றில் பசி தீர்ந்து வான்வழியே ஊருக்குத் திரும்புகிறாள். வழியில் விந்திய மலைக்கு மேலே பறந்ததற்காக, அதைக் காக்கும் விந்தாகடிகை அவளைப் பிடித்துத் தன் வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். இதைத்தான் சாத்தனாரிடம் என்னால் மன்னிக்க முடியவில்லை.