முதல் மீட்டர் டிரான்ஸ்பார்மருக்கு வையுங்கள்

கரண்ட் லைனை ஸ்மார்ட்டாக்கத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு விவசாயியாகச் சொல்கிறேன். போன குறுவையில் எங்கள் மோட்டார் காயில் இரண்டு தடவை கருகியது. மன்னார்குடிப் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் இதே கதைதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் சரி. தள்ளிப்போகிற வருஷம் நாற்றங்காலுக்கு போர்வெல்தான் கதி. பெரும்பாலான கொட்டகையில் ஆட்டோ ஸ்விட்ச் இருப்பதால் மும்முனை கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். வோல்டேஜ் இறங்கும். இறங்க இறங்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறிப் போய்விடும்.

எங்கள் களத்துமேட்டு டிரான்ஸ்பார்மரில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று ஒரு நாள் நானே நடந்து எண்ணினேன். பதினேழு, எல்லாம் 5 எச்.பி. ஒன்றுக்கு 5 கேவிஏ மின்சுமை என்று வைத்தாலே 85 வருகிறது. டிரான்ஸ்பார்மர் தாங்குவது 63 கேவிஏதான். ஒரு மீட்டர் அதில் இருந்தால் இதற்கு ஆள் நடக்க வேண்டியதில்லை. எந்த நேரம் எவ்வளவு சுமை, மும்முனையில் எந்த முனையில் வோல்டேஜ் தாழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஆபீஸ் திரையிலேயே தெரியும். எதைப் பிரிப்பது, எங்கே 100 கேவிஏ வைப்பது என்று கோடையிலேயே முடிவு செய்யலாம்.

ஆனால் ஸ்மார்ட் மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் பயப்படுகிறார்கள். 1990-இலிருந்து எல்லா விவசாயிக்கும் இருக்கிற இலவச மின்சாரம் போய்விடுமோ என்ற பயம் அது. நியாயமான பயம்தான், அதை அலட்சியம் செய்யக்கூடாது. அதனால்தான் சொல்கிறேன், மோட்டார் கொட்டகையைத் தொடவே வேண்டாம். 2021-இல் வந்த மத்திய அரசின் மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்திலேயே பீடருக்கும் (துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு வரும் லைன்) டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைக்க வழி இருக்கிறது. விவசாய பீடரைத் தனியாகப் பிரிக்கவும் வழி இருக்கிறது. வேலையை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் லைன். எங்கள் பக்கம் 11 கேவி லைன் துணை மின் நிலையத்தில் கிளம்பி வாய்க்கால், வயல், தோப்பு என்று ஒரே பக்கமாக மைல் கணக்கில் ஓடுகிறது. நடுவில் ஒரு மட்டை விழுந்தால் கடைசி ஊர் வரை இருட்டு. பழுது எங்கே என்று தேடி லைன்மேன் டார்ச்சோடு வரப்பில் கம்பம் கம்பமாக நடக்கிறார், ஐப்பசி மழையில், முழங்கால் சேற்றில். கம்பியிலேயே மாட்டுகிற பழுது காட்டும் கருவிகள் இருக்கின்றன. எந்தப் பகுதியில் கோளாறு என்று போனுக்கே தகவல் வரும். பழுதான துண்டை மட்டும் கழற்றிவிட்டு, பக்கத்து பீடரிலிருந்து மற்ற ஊர்களுக்குக் கரண்ட் கொடுக்க இணைப்பும் வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்து, நாங்கள் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டு, தோளில் கம்பம் சுமந்து வயலில் இறங்கினார்கள். அன்று எந்த லைன் எங்கே போகிறது என்று அவர்களுக்கு வழிகாட்டியது எங்கள் ஊர் லைன்மேன்தான். முழு வரைபடமும் அவர் தலைக்குள்தான் இருந்தது. அவருக்கு ஓய்வு நெருங்குகிறது. திட்டம் போடுகிறவர்கள் அதற்குள் ஒரு நாள் அவரோடு வரப்பில் நடந்து, அந்த லைன் முழுவதையும் வரைந்துகொள்ள வேண்டும்.