கமிட் எண்ணிக்கையை வைத்துப் பங்களிப்பை அளக்க முடியாது

பிளாக்செயின் திட்டங்களுக்கு மானியம் தரும் குழுக்கள் பல இன்னமும் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைத்த நட்சத்திரங்களையும், கமிட் (நிரலில் செய்து பதியும் ஒவ்வொரு மாற்றமும்) எண்ணிக்கையையும் பார்த்தே முடிவெடுக்கின்றன. இது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். ஒருவர் எவ்வளவு எழுதினார் என்பது முக்கியமல்ல. அவர் எழுதியது நாளை நின்றுபோனால் யார் யாருடைய வேலை நிற்கும்? அளக்க வேண்டியது அதைத்தான்.

நம் ஊர் சிங்கப்பூரின் ஓப்பன்செர்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் இந்தத் தளம் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்குகிறது. அதற்கு அடித்தளம் ஓப்பன்அட்டெஸ்டேஷன் என்ற திறமூல நிரல். ஒரு தொகுதியில் ஆயிரம் சான்றிதழ்கள் இருந்தாலும் அவற்றின் ஹாஷ்களை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடுகளை) இரண்டிரண்டாக இணைத்து மெர்க்கல் மரமாக அடுக்கி, உச்சியில் வரும் வேர் ஹாஷை மட்டும் சங்கிலியில் இயங்கும் ஒப்பந்த நிரலில் பதிவார்கள். சங்கிலியில் தெரிவது ஒரே ஒரு பரிவர்த்தனை. முதலாளி ஒருவர் சான்றிதழைச் சரிபார்க்கும்போது நடப்பது வெறும் வாசிப்பு. அதற்கு கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லை, சங்கிலியில் தடமும் இல்லை. வணிக ஆவணங்களுக்கான டிரேட்டிரஸ்ட்டும் இதே அடித்தளத்தில் எழுந்ததுதான். பரிவர்த்தனைகளை எண்ணி மதிப்பெண் போட்டால் இவை பட்டியலின் அடியில் கிடக்கும், நாலு நாள் பரபரப்பாக ஓடிய மீம் நாணயம் உச்சியில் நிற்கும்.

கமிட் கணக்கில் உள்ள ஓட்டைகள் பலருக்குத் தெரியும், ஆனாலும் அடைக்க மாட்டார்கள். கமிட்டுகளைப் பதியும் கிட் மென்பொருளில் ஆசிரியர் பெயரும் மின்னஞ்சலும் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடியவை. ஒரே ஆள் அலுவலக முகவரியிலும் சொந்த முகவரியிலும் எழுதினால் இரண்டு பேராகத் தெரிவார், முகவரிகளை ஒரே ஆளோடு பொருத்தும் மெயில்மேப் கோப்பு வைத்து இணைக்க வேண்டும். ஐவர் செய்த வேலையை ஸ்குவாஷ் செய்து (ஒன்றாக அழுத்தி) இணைத்தால் ஒரே கமிட்டாகச் சுருங்கிவிடும். எத்தீரியத்தை இயக்கும் கெத் நிரலை ஃபோர்க் செய்து (நகலெடுத்துப் பிரித்து) புதுச் சங்கிலி தொடங்கினால், பல ஆண்டு வரலாறு முழுவதும் புதியவர் கணக்கில் ஏறிவிடும். ஃபோர்க் பிரிந்த கமிட்டைக் கண்டுபிடித்து, அதற்குப் பிந்தியதை மட்டும் எண்ணுங்கள். பாட் (தானியங்கி) கணக்குகள், பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் (lock) கோப்புகள், தானாக உருவான நிரல் ஆகியவற்றையும் நீக்குங்கள். இத்தனையும் செய்த பிறகும், பிறர் நிரலை வரி வரியாகப் படித்துத் திருத்தம் சொல்பவரின் உழைப்பு கமிட்டில் வராது.

பதிவிறக்க எண்ணிக்கையும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம் தரும் எண்ணில் தானியங்கிச் சோதனைகளும் மிரர்களும் (நகல் களஞ்சியங்களும்) கலந்திருக்கின்றன. சார்புகளை, அதாவது எந்த நிரல் எந்த நிரலை நம்பியிருக்கிறது என்பதை, பார்ப்பது இதைவிட நல்லது, ஆனால் கவனம் தேவை. இயங்குவதற்கான சார்பு வேறு, உருவாக்கும்போது மட்டும் தேவைப்படும் சார்பு வேறு. ஒப்பந்தம் எழுத உதவும் ஃபவுண்ட்ரி கருவியைப் பயன்படுத்துபவர்கள் ஓப்பன்செப்பலின் என்ற ஒப்பந்த நூலகத்தைப் பெரும்பாலும் கிட் சப்மாட்யூலாக (கிட் வழியே நேரடியாக) இழுப்பதால் அது என்பிஎம் கணக்கில் வருவதே இல்லை. ஒப்பந்தங்கள் எழுதும் சாலிடிட்டி மொழியில், நூலகத்தின் உள்ளகச் செயற்கூறுகள் அதைப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தின் பைட்கோடிலேயே (இயந்திர நிரலிலேயே) கரைந்துவிடும், முகவரியை வைத்துத் தேட முடியாது. சரிபார்க்கப்பட்ட மூல நிரலின் இம்போர்ட் வரிகளைத்தான் படிக்க வேண்டும். அழைப்பை வேறொன்றுக்குக் கடத்திவிடும் பிராக்ஸி ஒப்பந்தமாக இருந்தால் அதன் பின்னால் உண்மையில் வேலை செய்யும் இம்ப்ளிமென்டேஷன் ஒப்பந்தத்துக்குக் கணக்கை மாற்றுங்கள். பயனரின் கணக்கே ஒப்பந்தமாக இயங்கும் கணக்கு அப்ஸ்ட்ராக்ஷன் முறையில் வரும் பரிவர்த்தனையில் அனுப்புநராகத் தெரிவது, பலரின் கோரிக்கைகளைக் கட்டி அனுப்பும் பண்ட்லர்தான். அதை ஒரே பயனர் என்று எண்ணினால் கணக்கு பாழ்.

அளவுகோலோடு பணத்தைக் கட்டியதும் அது வளையத் தொடங்கும். 2024 பிப்ரவரியில் டீ புரோட்டோகால் என்ற பிளாக்செயின் திட்டம் திறமூலத் திட்டங்களுக்கு டோக்கன் தருவதாக அறிவித்ததும், ஆசைப்பட்டவர்கள் தங்கள் பெயரைச் செருகிய புல் ரிக்வெஸ்ட்டுகள் (நிரலை மாற்றும் கோரிக்கைகள்) பிரபலத் திட்டங்களில் குவிந்தன. 2025 நவம்பரில் அமேசான் ஆய்வாளர்கள் அதே டோக்கனைக் குறிவைத்த 150,000க்கும் மேற்பட்ட போலிப் பொதிகளை என்பிஎம்மில் அடையாளம் கண்டார்கள். குவிந்த புல் ரிக்வெஸ்ட்டுகளை அந்தந்தத் திட்டங்களின் பராமரிப்பாளர்கள்தான் உட்கார்ந்து கழுவ வேண்டியிருந்தது.

எத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆப்டிமிசம் சங்கிலியின் பின்னோக்கு நிதிச் சுற்றுகளில் (ஏற்கெனவே செய்த வேலைக்குத் தரும் நிதி) இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் பார்க்கலாம். மூன்றாம் சுற்றில் அதன் 3 கோடி ஓபி டோக்கன் 501 திட்டங்களுக்குப் பிரிந்தது. அத்தனை திட்டங்களையும் வாக்காளர் ஒவ்வொருவரும் ஆழமாகப் படிப்பது நடக்காத காரியம். 2024இல் நான்காம் சுற்றில் 1 கோடி டோக்கனுக்கு, திட்டங்களுக்குப் பதிலாக அளவீடுகளுக்கே வாக்களிக்கச் சொன்னார்கள். வேலை எளிதானது, ஆனால் சங்கிலியில் தடம் பதிக்காத கருவிகளுக்கு அந்த முறை பொருந்தாது. என்னைக் கேட்டால், சார்பு வரைபடத்தை இயந்திரம் வரையட்டும், எடையை மனிதர்கள் போடட்டும். அதுவும் நூறு திட்டங்களை ஒரேயடியாக அல்ல. "இந்தத் திட்டத்துக்கு இந்த இரண்டு நூலகங்களில் எது முக்கியம், எத்தனை மடங்கு?" என்று இரண்டிரண்டாகக் கேட்டால் பதிலில் தெளிவு இருக்கும்.

விண்ணப்பம் எழுதும் நம் மாணவர்களுக்கு: உங்களை நம்பி இயங்கும் திட்டங்களில் முதல் ஐந்தின் பெயர், எந்தக் கோப்பில் எந்தப் பதிப்பு பயன்படுகிறது, அது உடைந்தால் மாற்று என்ன, மாற எவ்வளவு வேலை பிடிக்கும் என்று எழுதுங்கள். ஆறு மாதத் தரவைக் கொடுங்கள், கூட்டுத்தொகையாக இல்லாமல் மாதவாரி இடைநிலை மதிப்பாக. ஏர்டிராப் (இலவச டோக்கன் விநியோகம்) நடந்த ஒரு வாரம் மொத்தத்தையே ஊதிக்காட்டிவிடும். புகார்களுக்கு முதல் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, மாற்றங்களை நிரலில் இணைக்கும் அதிகாரம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் சேருங்கள். ஒருவரிடம் மட்டும்தான் என்றால் மறைக்காமல் சொல்லி, இரண்டாமவரை வளர்க்க நிதி கேளுங்கள்.

நிதி தருபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். 2024 ஜனவரியில் பெசு, நெதர்மைண்ட் ஆகிய எத்தீரியம் கிளையன்ட்டுகளில் (சங்கிலியை இயக்கும் மென்பொருள்களில்) அடுத்தடுத்துப் பிழை வந்தது. இரண்டுமே சிறுபான்மைக் கிளையன்ட்டுகள் என்பதால் சங்கிலி தொடர்ந்து ஓடியது. பெரும்பான்மையோர் ஓட்டும் கிளையன்ட்டில் அதே பிழை வந்திருந்தால் நிலைமை வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட கிளையன்ட்டுகளை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பவர்களால் தவிர்க்கப்பட்ட சேதம் எந்த டாஷ்போர்டிலும் ஏறாது. அந்த வேலைக்கென்று நிதியில் ஒரு பங்கை, அளவீடு எதுவும் கேட்காமல், முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.