ஜேம்ஸ்டவுன் பட்டினிக்குச் சோம்பல் மட்டும் காரணமன்று

அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஜேம்ஸ்டவுனில் 1609-10 குளிர்காலத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் மடிந்தது சோம்பலால்தான் என்றும், இத்தகைய வரலாறு சிறுவர்களுக்குச் சலிப்பூட்டும் என்றும் சிலர் சொல்வது சரியன்று. மர வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1606 முதல் 1612 வரை அப்பகுதியில் கடும் வறட்சி நிலவியதைக் கண்டறிந்துள்ளனர். ஆற்று நீரோ உப்புக் கரித்தது. அப்பகுதியின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களுடன் மூண்ட பகையால், கோட்டையை விட்டு வெளியேறி வேட்டையாடவும் மக்காச்சோளம் பெறவும் வழியில்லாமல் போனது. உதவிக்கு வந்த அணியின் தலைமைக் கப்பல் பெர்முடாவில் சிக்கிக்கொண்டது. இத்தனையையும் சோம்பல் என்ற ஒரு சொல்லில் அடக்குவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். குதிரை, நாய், எலி எனக் கிடைத்ததையெல்லாம் தின்றும் ஏறத்தாழ 60 பேரே பிழைத்தனர். சிறுவர்களின் ரசனையைப் பொறுத்தவரை, பதினொரு வயதான என் அண்ணன் மகள் ஆளுநர்களின் பெயர்களைத் தாண்டிச் சென்றாலும், குடியேறிகள் தோல் காலணிகளைத் தின்ற பகுதியை விடாமல் படித்துவிட்டு, அவற்றை எவ்வளவு நேரம் வேகவைத்திருப்பார்கள் என்று கேட்கிறாள்.